ஓதம் திரும்பும் நிலம்: நாணல் மூடிய கழிகளும் அவற்றைச் சுட்டும் சொற்களும்

சிங்கப்பூரில் நாள்தோறும் பல்லாயிரவர் ஏறி இறங்கும் இரயில் நிலையங்களுள் ஒன்று பாய லேபார். மலாய் மொழியில் ‘பாயா’ என்பதற்குச் சதுப்பு என்றும், ‘லேபார்’ என்பதற்கு அகன்ற என்றும் பொருள். இன்று அங்கே அகன்ற சதுப்பு எதுவும் இல்லை; பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. நிலம் மறைந்த பின்னும் அதன் பெயர் நிலைத்திருப்பது மொழியியலார்க்குப் பழகிய செய்தி. இதற்கு மறுதலையும் உண்டு. நிலம் கண்முன்னே இருக்கும். அதில் நிகழும் மாற்றத்தைப் பிரித்துக் காட்டும் பெயர் இராது. ஆகவே அம்மாற்றம் பல்லாண்டுகள் எவர் கருத்திலும் படாமல் போகும். அத்தகைய ஒன்றையே இங்கு விளக்க முனைகிறோம். களம் வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை. அங்குள்ள ஓதச் சதுப்புகளை ஒருவகை நாணல் மூடியது. அவற்றை மீட்கும் பணி ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. நாணலை அழிப்பதே அப்பணி என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதையும், நாம் இட்ட பெயர்கள் அக்குறைக்கு எவ்வாறு துணைபோயின என்பதையும் காண்போம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கடல்நீர் கரையில் ஏறுவதும் வடிவதும் ஓதம் எனப்படும். உயர் ஓதம், தாழ் ஓதம் என்னும் வழக்குகள் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. இலங்கைத் தமிழர் வற்றுப்பெருக்கு என்பர். நம் மலாய் அண்டைவீட்டார் ஏறுவதைப் பாசாங் என்றும் வடிவதைச் சூருட் என்றும் இரு சொற்களால் சுட்டுவர். ஓதம் ஏட்டுச்சொல் மட்டுமன்று. வீட்டுச் சுவரின் அடியில் ஈரம் படர்ந்தால் ‘ஓதம் ஏறியிருக்கிறது’ என்று சொல்லும் வழக்கு இன்னும் உள்ளது. முழுநிலா நாளையும் மறைநிலா நாளையும் ‘உவா’ என்னும் ஒரே சொல்லால் பழந்தமிழர் குறித்தனர். வானில் எதிரெதிரான இரு நாள்களுக்கு ஒரே பெயர் எதற்கு என்று வியப்போர், கடற்கரையில் நின்று பார்த்தால் விடை பெறுவர். ஓதம் மிக உயர்வது அவ்விரு நாள்களை ஒட்டியே. கடல்நீர் நிலத்தினுள் புகுந்து திரும்பும் வழி கழி. கழியின் இருமருங்கிலும் உயர் ஓதத்தில் நனைந்து, தாழ் ஓதத்தில் காற்றுபடும் தாழ்நிலத்தையே ஓதச் சதுப்பு என்கிறோம்.

நம் வெப்பமண்டலக் கரைகளில் இத்தகைய நிலம் பெரும்பாலும் அலையாத்தி மரங்களுக்கு உரியது. உறைபனியை அம்மரங்கள் தாங்கா. ஆகவே குளிர்நாடுகளில் அவ்விடத்தைப் புற்கள் பெறுகின்றன. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஜெர்சி முதலிய மாநிலங்களின் கரைகளில் அவ்வாறு வாழும் புல்லினம் ஸ்பார்ட்டைனா. கிரேக்க மொழியில் கயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது; ஆகவே அதனைக் கயிற்றுப்புல் என்றே அழைப்போம். (தாவரவியலார் 2014இல் அப்பேரினத்தையே வேறொன்றுடன் இணைத்து, விதை எறிவது என்னும் பொருளுடைய ஸ்போரோபோலஸ் என்ற பெயரை வழங்கிவிட்டனர். கயிறு போனாலும் புல் அதுவே.) நாள்தோறும் நீரில் மூழ்கும் கழியோரத்தில் உயரமான கயிற்றுப்புல் வளரும், உவா நாள் ஓதம் மட்டுமே எட்டும் சற்று மேட்டு நிலத்தில் குட்டையான, மென்மையான மற்றொரு கயிற்றுப்புல் பாய்போல் படிந்து கிடக்கும். இரண்டிற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சில அங்குலங்களே. எந்தச் செடி எங்கே வாழும் என்பதை அச்சில அங்குலங்களும், நீரிலுள்ள உப்பும் தீர்மானிக்கின்றன. ஆண்டுதோறும் மடியும் வேர்களும் ஓதம் கொண்டுவரும் வண்டலும் சேர்ந்து நிலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகின்றன. கடல் மெல்ல உயரும்போது சதுப்பும் உடன் உயர்ந்து நிற்பது இவ்வாறுதான்.

இனி நாணல். தமிழில் நாணல் எனப் பொதுவாக வழங்குவது ஆற்றங்கரையில் வெண்பூங்கதிருடன் நிற்கும் சக்காரம் இனப்புல். நாம் இங்குப் பேசுவது ஃபிராக்மைட்டிஸ் என்னும் வேறொரு பேரினம். வேறு பொருத்தமான பொதுச்சொல் கைவசம் இல்லாமையால் அதனையும் நாணல் என்றே குறிப்போம். அப்பேரினப் பெயரின் வேர், வேலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெயருக்கேற்ப அது வேலிபோல் எழும். நான்கு மீட்டர் உயரத்திற்கும் மேலாக நெருங்கி நின்று, கீழே உள்ள புற்களுக்கு ஒளி கிட்டாமல் செய்துவிடும். மண்ணடித் தண்டுகளால் பரவும். தண்டின் ஒரு துண்டு ஒதுங்கினாலும் புதிய காடு எழும். மடிந்த தாள்கள் விரைவில் மட்காமல் தரையில் குவியும். அக்குவியல் சதுப்பின் சிறு குழிகளையும் ஓடைகளையும் தூர்த்துவிடுகிறது.

அக்குழிகள் தூர்வதால் என்ன கெடும் என வினவலாம். அக்கரையின் கழிகளில் மம்மிச்சாக் என்னும் விரலளவு மீன் உண்டு. கூட்டமாகச் செல்வது என்று பொருள்படும் அப்பெயர், அந்நிலத்தின் பழங்குடியினரான நாரகான்செட் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் குஞ்சுகள் ஓதம் வடிந்தபின் சதுப்பின் மேல் தேங்கும் சிறு குட்டைகளில் வளர்கின்றன. நாணல் முற்றிய நிலத்தில் அக்குட்டைகள் இல்லை. குஞ்சுகளும் மிகக் குறைவு. பெரிய மீன்களும் கொக்குகளும் மம்மிச்சாக்கை உண்டே வாழ்கின்றன என்பதால் இழப்பு அத்துடன் நிற்பதில்லை. மேட்டுச் சதுப்பில் கூடு கட்டும் சதுப்புச் சிட்டுக் குருவியின் நிலை இன்னும் நெருக்கடியானது. அது குட்டைக் கயிற்றுப்புல்லின் நடுவே, தரைக்குச் சற்று மேலே கூடமைத்து, ஓர் உவா ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாள்களில் குஞ்சுகளைத் தேற்ற முயல்கிறது. நாணற்காட்டில் அதற்கு இடமில்லை.

இந்நாணல் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கான விடையில்தான் பெயரின் குற்றம் வெளிப்படுகிறது. சதுப்பின் அடிமண்ணைத் தோண்டினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட நாணற் சிதைவுகள் கிடைக்கின்றன. எனவே, நாணல் அந்நிலத்தின் பழங்குடித் தாவரம். இதில் அயல் எதுவுமில்லை என்றே பலர் நெடுங்காலம் கருதினர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அது முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பரவியது. புதிரை அவிழ்த்தவர் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் என்னும் ஆய்வாளர். அருங்காட்சியகங்களில் உலர்த்திக் காக்கப்பட்டிருந்த, 1910ஆம் ஆண்டிற்கு முற்பட்ட நாணல் மாதிரிகளின் மரபணுவை அவர் தற்கால நாணலின் மரபணுவுடன் ஒப்பிட்டார். 2002இல் வெளிவந்த அவ்வாய்வு, பரவிக்கொண்டிருந்தது உள்நாட்டு நாணல் அன்று, கடல்கடந்து வந்த வேறொரு மரபு என்று காட்டியது. இரண்டும் ஒரே இனம். இரண்டிற்கும் ஒரே பெயர். அப்பொதுப் பெயரின் மறைவில் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அந்நிகழ்வைக் கரந்துறை ஊடுருவல் எனலாம்.

பிரித்தறிய முடியாதவையா அவை? அன்று. உள்நாட்டு நாணலின் தண்டு கோடையில் செம்பழுப்பாய் வழவழப்புடன் இருக்கும். இலையுறைகள் எளிதில் உதிரும். வந்தேறியின் தண்டு வெளிறி, வரிவரியாய் இருக்கும்; இலையுறைகள் குளிர்காலத்திலும் பற்றிக்கொண்டிருக்கும். கூர்ந்து நோக்கினோர் இவ்வேறுபாட்டை முன்பே கண்டிருக்கக் கூடும். ஆனால், பெயர் ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு தற்செயல் என ஒதுக்கப்படும். 2004இல் உள்நாட்டு நாணலுக்குத் தனித் துணையினப் பெயர் வழங்கப்பட்டது. அதன் பின்னரே களப்பணியாளர் வெட்டுமுன் தண்டைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. அதற்குமுன் வந்தேறி என எண்ணி வெட்டப்பட்ட பழங்குடி நாணல் எவ்வளவோ!

வந்தேறி நாணல் வந்தது மட்டும் காரணமாயின், அது எல்லாச் சதுப்பையும் ஒன்றுபோல் மூடியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. 18 கிராம் அளவைத் தாண்டினாலே நாணல் பொதுவாகத் தளரத் தொடங்கும். ஓதம் தடையின்றி ஏறும் இடத்தில் கயிற்றுப்புல்லே வலியது. எங்கே சாலைக்கும் இரயில் பாதைக்குமாகக் கரை எழுப்பி, கழியை ஒரு குறுகிய குழாய்க்குள் அடக்கினரோ, எங்கே மதகிட்டுக் கடலை வெளியே நிறுத்தினரோ அங்கேதான் உப்புக் குறைந்து நாணல் பெருகியது. நாணலுக்கு வழிவிட்டவன் மனிதன். அதுவும் பெரும்பாலும் நல்லெண்ணத்துடன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் தீபகற்பத்திலுள்ள ஹெரிங் ஆற்றுக் கழியின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும். வெல்ஃப்ளீட் என்னும் சிற்றூரில் கடலைச் சேரும் சிற்றாறு அது. 1909இல் அதன் வாயில் அணை கட்டினர். கொசுவை ஒழிப்பது முதன்மை நோக்கம். ஏறத்தாழ 1,100 ஏக்கர் சதுப்பு ஓதத்தை இழந்தது. உப்புப் புற்கள் மடிந்தன. அணைக்கு அருகில் நாணலும், உள்ளே செல்லச் செல்ல சம்புப்புல்லும் புதரும் மரமும் வந்தன. ஈரத்தில் மட்காமல் கிடந்த பழைய வேர்மண் காற்றுப்பட்டு மட்கியது. புதிய வண்டலும் வரவில்லை. நிலம் சில இடங்களில் மூன்றடி வரை தாழ்ந்தது. அம்மண்ணில் உறங்கிய கந்தகச் சேர்மங்கள் காற்றுடன் கூடி அமிலமாயின. 1980இல் அவ்வமில நீரால் விலாங்கு மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. சிப்பிக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், ஆற்றுவாயின் சிப்பிப் படுகைகள் நுண்ணுயிர் மாசினால் மூடப்பட்டன. கொசுக்களோ ஒழியவில்லை. முட்டைப்புழுவை உண்ணும் மீன்கள் அணையைக் கடந்து வர இயலாத நன்னீர்த் தேக்கங்களில் அவை தடையின்றிப் பெருகின. நூறாண்டுக்கு முன் அணையெழுப்பியவர்களை நகையாடுவது எளிது. கொசுவினால் துன்புற்றவர்கள் அவர்கள், அக்கால அறிவு அவ்வளவே.

இத்தகைய நிலத்தை மீட்கும் வழிகள் இரண்டு. ஒன்று நாணலைத் தாக்குவது. வெட்டுதல், எரித்தல், களைக்கொல்லி தெளித்தல் ஆகியன அதில் அடங்கும். டெலவேர் விரிகுடாவில் 1990களில் ஓர் அணுமின் நிலையத்தின் உரிம நிபந்தனையாகத் தொடங்கிய பெருந்திட்டம் 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் தழுவியது. அங்கே வைக்கோற்புல்லுக்காகக் கரைகட்டப்பட்ட வயல்களில் கரையை உடைத்து ஓதத்தை விட்டனர். நாணல் மூடிய இடங்களில் களைக்கொல்லி தெளித்து எரித்தனர். மருந்து தெளிப்பதை மக்கள் எதிர்த்தனர். எதிர்ப்பில் நியாயம் உண்டு. உப்புக் குறைந்த நீர் ஓடும்வரை நாணல் மண்ணடித் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும்; தெளிப்பவர் ஆண்டுதோறும் திரும்பிவர வேண்டியிருக்கும்.

மற்றொரு வழி ஓதத்தைத் திரும்ப அழைப்பது. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டோனிங்டனில் பார்ன் தீவுச் சதுப்பு இதற்குப் பெயர்பெற்ற சான்று. நீர்ப்பறவைகளுக்காக 1940களில் கரைகட்டித் தேக்கிய நிலம் அது. 1978இலும் 1982இலும் கரையில் பெருங்குழாய்கள் பதித்துக் கடல்நீரை உள்ளே விட்டனர். எவரும் கயிற்றுப்புல்லை நடவில்லை. விதை ஓதத்துடன் வந்தது. கனெக்டிகட் கல்லூரி ஆய்வாளர்கள் அம்மாநிலச் சதுப்புகளை இருபதாண்டுக்கு மேல் தொடர்ந்து அளந்து வந்தனர். மீட்சி ஒரே வேகத்தில் நடக்கவில்லை. ஈரம் மிக்க தாழ்வான இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு நிலம் உப்புப் புற்களுக்குத் திரும்பியது. உலர்ந்த மேட்டில் அரை விழுக்காடே. மீன்கள் முதலில் வந்தன. நத்தைகளும் சதுப்புப் பறவைகளும் பத்து, இருபது ஆண்டுகள் காக்க வைத்தன. நாணல் ஓரிரவில் மடிவதில்லை. ஆண்டுக்காண்டு உயரம் குன்றி, பூப்பது குறைந்து, பின்வாங்குகிறது. திட்டங்களுக்குப் பணம் தருவோர் மூன்றாண்டில் விளைவு கேட்கின்றனர். நிலத்திற்கு அந்த நாள்காட்டி தெரியாது.

ஹெரிங் ஆற்றிலோ அணையை ஒரே நாளில் உடைக்க இயலாது. நிலம் தாழ்ந்துவிட்டது, முழு ஓதமும் புகுந்தால் சதுப்பு ஆழ்நீர்க் குட்டையாகிவிடும், தாழ்வான சாலைகளும் சில வீட்டு நிலங்களும் மூழ்கும். ஆகவே பல்லாண்டு வாதங்களுக்கும் ஆய்வுகளுக்கும் பின், 2023இல் தொடங்கிய கட்டுமானம் பழைய அணையிருந்த இடத்தில் மதகுகளுடன் கூடிய பாலத்தை அமைப்பதாகத் திட்டமிடப்பட்டது. மதகுகளைப் படிப்படியாக, அளந்து அளந்து உயர்த்துவது நோக்கம். தாழ் சாலைகளை உயர்த்துவதும் அதில் அடக்கம். தாழ்ந்த நிலம் வண்டலால் மேடேறவும், அமிலம் கரைந்து போகவும் கால இடைவெளி வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், நாணல் சதுப்புக்குப் பகை என்று வாசகர் முடிவுகட்டியிருக்கலாம். அவர்களை உலகின் மறுபுறத்திலுள்ள ஒரு தீவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே இதே இரு புற்களும் பாத்திரம் மாறி நிற்கின்றன.

சீனாவின் யாங்சே ஆறு கடலுடன் கலக்கும் இடத்தில் சோங்மிங் தீவு உள்ளது. ஷாங்காய் நகராட்சிக்கு உட்பட்டது. அதன் கிழக்குமுனைச் சதுப்பான தோங்தானில் நாணலும் ஒருவகைக் கோரையும் பழங்குடிகள். கோரையின் விதையையும் கிழங்கையும் நீர்ப்பறவைகள் உண்கின்றன. நாணலைச் சார்ந்தே வாழும் அரிய கிளியலகுச் சிட்டு ஒன்றும் உண்டு. 1979இல் கடலரிப்பைத் தடுக்கவும் புதுநிலம் ஆக்கவும் அமெரிக்காவிலிருந்து சீனாவிற்கு ஒரு புல்லைக் கொணர்ந்தனர். எந்தப் புல்? கனெக்டிகட்டில் மீட்கப் பாடுபட்ட அதே உயரக் கயிற்றுப்புல். 1990களில் தோங்தானில் தலைகாட்டிய அது, நாணலையும் கோரையையும் நெருக்கித் தள்ளிச் சேற்றுத் திட்டுகளையும் மூடியது. 2013இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் வழிமுறையைச் சீனர் ஆறு எழுத்துகளில் அடக்கினர். தமிழில் அவற்றைச் சூழ், அறு, மூழ்கடி, உலர்த்து, நடு, சீராக்கு எனலாம். ஏறத்தாழ 24 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கரையெழுப்பிச் சூழ்ந்தனர். பூக்கும் பருவத்தில் அறுத்தனர். அடிக்கட்டைகள் மூச்சுவிடாதபடி நீரில் ஆழ்த்தினர். பின் வெயிலில் உலர்த்தினர். நாணலையும் கோரையையும் நட்டனர். உப்பையும் நீர்மட்டத்தையும் சீராக்கினர்.

அமெரிக்காவில் கரையை உடைத்து நாணலை விரட்டினர். சீனாவில் கரையை எழுப்பி நாணலை வரவேற்றனர். இரண்டும் மீட்சி எனவே பெயர்பெற்றன. தோங்தான் வழியில் நமக்கு ஓர் ஐயமும் உண்டு: கரைக்குள் அகப்பட்ட நிலத்தில் ஓதம் இனித் தானாக வருவதில்லை, மதகைத் திருப்புவோர் உள்ளவரையே அது சதுப்பு. ஆயினும் சேற்றுத் திட்டுகளைக் காத்த பயன் பெரிது. 2024இல் அவ்விடம் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை செல்லும் கரைப்பறவைகளின் வான்வழியில் அது ஒரு தங்குமிடம். நம் சுங்கை பூலோ அதே வழியில் தெற்கே உள்ள மற்றொன்று.

இங்குதான் கலைச்சொல்லாக்கத்தின் பொறுப்பு எழுகிறது. இத்தகைய தாவரங்களை நாளிதழ்களும் நூல்களும் ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’ என்றும் ‘அந்நியத் தாவரம்’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. முதற்சொல் செடிக்கு ஒரு கெட்ட எண்ணத்தை ஏற்றுகிறது. இரண்டாவது பிறப்பிடத்தைக் குற்றமாக்குகிறது. பிறப்பிடம் ஒரு செய்தி. நடத்தை வேறொரு செய்தி. ஹெரிங் ஆற்றின் உட்பகுதியை மூடிய மரமும் புதரும் பெரும்பாலும் உள்நாட்டினவே. ஓதம் நின்றதால் அவையும் எல்லை மீறின. மறுபுறம், தமிழ் மக்கள் வழக்கு புதிதாக வந்ததற்குச் ‘சீமை’ என்னும் அடை கொடுத்து, சீமை அகத்தி, சீமைக் கருவேல் என்று அமைதியாகப் பெயரிட்டது. அவ்வடை எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. முன்னதால் தீங்கில்லை, பின்னது தென்மாவட்டக் கண்மாய்களை மூடிவிட்டது. அடைமொழியை வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது.

சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கிறது. ‘ஆக்கிரமிப்பு’ என எழுதப்பட்ட நிலத்திற்கு ஆட்சியர் தேடுவது வெட்டுக்கத்தியையும் மருந்துத் தெளிப்பானையும். மதகின் சாவியை அன்று. ஆதலால், பிறப்பிடத்தைச் சுட்ட ‘அயலினம்’ என்றும், நடத்தையைச் சுட்ட ‘மிகைப்பரவல் இனம்’ என்றும் இரு தனிச்சொற்களைக் கலைச்சொல் தொகுப்புகள் தனித்தனிப் பதிவுகளாக ஏற்க வேண்டும் எனப் பரிந்துரைக்கிறோம். பின்னதன் விளக்கத்தில் இடப்பெயர் தவறாது இடம்பெற வேண்டும்: நாணல், கனெக்டிகட் கரையில் மிகைப்பரவல் இனம், தோங்தானில் அன்று. ‘ஓதத்தடை’ என்பதற்கும் ஒரு பதிவு வேண்டும். நாம் பார்த்த தொகுப்புகளில் ஓதம் உண்டு, சதுப்பு உண்டு, நாணலும் உண்டு, இச்சொல்லைக் காணோம்.